ஒன்பதாம் நம்பர் போட்ட கோல்

பீரான்குட்டிக்கு மைக் கையில் இருந்தால் சோறு வேண்டாம். எங்கள் ஊர் கிழக்கேப்பாடத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டம் நடக்கும் மாதங்களில், ஜனம் உட்காரக் கமுகுத்தடியில் கட்டிய காலரியின் உச்சியில் உட்கார்ந்து அவர் பேசுகிற வர்ணனை ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும். தடுக்கி விழுந்தவனைக்கூட ‘பாய்ந்தான்’ என்பார். எழுபது வயதாகியும் அந்த மைக்கை அவரிடமிருந்து வாங்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

வினை கண்ணில் வந்தது. வலது கண்ணில் நடுப்பார்வை எப்போதோ போய்விட்டது. இப்போது இடது கண்ணிலும் அதே கதை. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் காணாமல் போகும், சுற்றியிருப்பதெல்லாம் தெரியும். மனைவி பிய்யாத்துவைப் பார்த்தால் முக்காடு தெரியும், முகம் தெரியாது.

“நாப்பத்தஞ்சு வருஷம் பாத்தது போதும்னு படைச்சவனே நெனச்சிட்டான் போல” என்றார். அன்றைக்கு அவர் தட்டில் மீன் விழவில்லை.

கோழிக்கோட்டு டாக்டர் ஜெஸ்னா, வயதான விழித்திரைக்குள் ரத்தம் கசிகிறது, மாதாமாதம் கண்ணில் ஊசி போட வேண்டும் என்றார். இரண்டு மாதம் ஒழுங்காகப் போனார். அதற்குள் பந்தாட்டம் தொடங்கிவிட்டது. ஊசி போட்டால் சில நாள் புழுதியில் உட்காரக் கூடாதாம். “மேட்ச் முடியட்டும்” என்று ஏப்ரல் வரை ஓட்டினார். பந்துக்காகக் கண்ணைத் தள்ளிப்போடுகிற ஆட்களை எங்கள் ஊரில்தான் பார்க்கலாம்.

பந்து தெரியாவிட்டால் என்ன, காது இருக்கிறதே. காலரி “ச்சே” என்றால் பந்து வெளியே. காலரி எழுந்து கத்தினால் கோல். இதை நம்பியே ஒரு சீசனைத் தள்ளிவிட்டார்.

அரையிறுதியில் காலரி எழுந்து கத்தியது.

“கோ...ல்! ஒன்பதாம் நம்பர் சைனு! என்னா ஓட்டம், நாலுகால் பாய்ச்சல்!” என்று முழங்கினார் பீரான்குட்டி.

கோல் போட்டது ஒரு செவலை நாய். எங்கிருந்தோ ஓடி வந்து, பந்தை மூக்கால் தள்ளிக்கொண்டு போய் வலைக்குள் விட்டிருந்தது. நடுவர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கிளப் செயலாளர் முனீர் மேலே ஏறி வந்தான். “பீரானிக்கா, நாய்க்கு மெடல் போதுமா, கோப்பையே குடுத்துரலாமா?” என்றவன், குரலைத் தணித்து, “அடுத்த சீசனுக்கு நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்” என்றான்.

பீரான்குட்டி மைக்கை அணைத்து வைத்துவிட்டு இறங்கினார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “மைக்கு போச்சு பிய்யாத்து. ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார். கண் போனபோது அழாத மனிதர் அவர்.

டாக்டர் ஜெஸ்னா திட்டித் தீர்த்தார். “ஊசிக்கு நீங்க வரமாட்டீங்க. மருந்தையே கண்ணுல குடி வெச்சிர வேண்டியதுதான்.” அரிசி அளவில் ஒரு குப்பி. ஆபரேஷன் செய்து, மேலிமைக்கு அடியில் வெள்ளை விழியில் பதித்துவிட்டால், மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியால் நிரப்பினால் போதும்.

“கிருமி தொத்தினா இருக்கிற பார்வையும் போயிரும். கசக்கக் கூடாது. ஜூன்ல வெச்சா டிசம்பர்ல நிரப்பணும்.”

“டிசம்பர்லயா? அப்ப மேட்ச்...”

பிய்யாத்து தொடையில் கிள்ளினாள். “வருவாரு டாக்டர். மைக்கையும் கழுத்துல கட்டி நானே இழுத்துட்டு வர்றேன்.”

ஜூன் மழையில் இடது கண்ணில் ஆபரேஷன். கண் மட்டும் மரத்திருந்தது, வாய் மரக்கவில்லை. போர்த்திய துணிக்கு அடியிலிருந்து, “டாக்டர் இடது பக்கமா முன்னேறுறாங்க... நர்ஸ் ஒரு அருமையான பாஸ்...” என்று ஆரம்பித்துவிட்டார்.

“இக்கா, நீங்க பேசினா கண்ணு ஆடுது. ஆடினா மைக்கு கெடைக்காது.”

அவர் வாழ்நாளில் விழித்திருந்து வாய் மூடிக்கிடந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

மழை விட்டு நவம்பர் வந்தது. பேப்பர் படிக்கிற அளவுக்குப் பார்வை திரும்பவில்லை. ஆனால் பார்வையின் நடுவை மறைத்த கறை சுருங்கியிருந்தது. முனீர் தயங்கித் தயங்கி, “ஒரே ஒரு மேட்ச், இக்கா. சரிப்படலேன்னா எறங்கிரணும்” என்று மைக்கைக் கொடுத்தான். புது ஆள் ஒருவனையும் பின்னால் உட்கார வைத்தான்.

பாதி ஆட்டத்தில் காலரி எழுந்து கத்தியது. உடனே அடங்கி, மொத்தக் கூட்டமும் மைக்கைத் திரும்பிப் பார்த்தது. முனீர் கண்ணை மூடிக்கொண்டான். பீரான்குட்டி கழுத்தை நீட்டி நேராகப் பார்த்தார்.

“ரசிகப் பெருமக்களே! போன சீசனோட ஒன்பதாம் நம்பர் மைதானத்துல எறங்கியிருக்கார். ஜெர்சி போடல. வால் மட்டும்தான் போட்டிருக்கார்!”

காலரி சிரிப்பில் ஆடியது. புது ஆள் தானே எழுந்து இறங்கிப் போனான்.

வீட்டு வாசலில் கண் சொட்டு மருந்தும் கையுமாக நின்றிருந்த பிய்யாத்துவுக்கும் அது ஒலிபெருக்கியில் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரியிடம் ஓடினாள்.

“அவருக்கு நாய் தெரியுதுடீ!” என்று சொல்லி, முக்காட்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.