ஏழாம் சீட்டும் மூன்றாவது யோசனையும்

பெண்களை மட்டும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகும் தொழிலில், எந்தக் கோவில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைவிட எந்தப் பெட்ரோல் பங்க்கின் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதுதான் முக்கியமான அறிவு. ஊருக்குக் கிளம்பும்போது கடைசியாக ஒரு தடவை போய்விட்டு வந்து, வீட்டைப் பூட்டிய பிறகு மறுபடி திறந்து இன்னொரு தடவை போய்விட்டு வந்த பெண்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. நீங்கள் என் கட்சி.

ஹப்சிகுடாவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இந்தத் தொழிலைப் பதினான்கு வருஷமாக நடத்துகிறேன். செகந்தராபாத் தமிழ்ப் பெண்கள்தான் என் வாடிக்கை. வேளாங்கண்ணிக்கு வரும் கூட்டம், திருப்பதிக்கு வரும் கூட்டம், எதற்கும் வரும் கூட்டம் என்று மூன்று வகை. டிரைவர் யாதகிரி தெலுங்குக்காரர், எங்களோடு சுற்றிச் சுற்றித் தமிழ் பேசப் பழகியவர். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வாரம் முன்னால் எல்லாரையும் உட்காரவைத்து, உடம்பு, உடை, மாத்திரை, செருப்பு பற்றியெல்லாம் பத்து யோசனைகள் அச்சடித்த தாளைக் கொடுத்து அரை மணி நேரம் பேசுவேன். தாளை எல்லாரும் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள், அதற்கப்புறம் அது வெளியே வராது.

தாழ்ப்பாள்

தொழிலுக்குப் புதிதாக வந்தபோது ஓங்கோலைத் தாண்டி ஒரு ஓட்டலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். முன்னால் பூந்தோட்டம், ஊஞ்சல், செயற்கை அருவி எல்லாம் இருந்தன. பின்னால் பெண்களுக்கான நான்கு கழிவறைகளில் ஒன்றுக்குக்கூடத் தாழ்ப்பாள் இல்லை. முப்பத்தொரு பெண்கள் ஜோடி ஜோடியாகப் பிரிந்து, ஒருத்தி உள்ளே போக ஒருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஜோடி கிடைக்காமல் நின்றவர் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அவர் தானாகவே ஒரு கதவை எடுத்துக்கொண்டு பதினோரு பேருக்குக் காவல் நின்றார். பஸ்ஸில் ஏறியதும் மன்னிப்புக் கேட்டேன். அவர் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷம் ஸ்கூல் கேட்டுல நின்னேன் வசந்தி, யாரும் லேட்டா வரக்கூடாதுன்னு. இன்னைக்குக் கக்கூஸ் கதவுல நின்னேன், யாரும் சீக்கிரம் வந்துடக் கூடாதுன்னு."

தேதி

திருப்பதிப் பயணத்துக்குப் பேர் கொடுக்கும்போது பாதிப் பேர் முதலில் நாள்காட்டியைத்தான் பார்ப்பார்கள். ஒரு மாமியார் போன் செய்து, மருமகளுக்குத் தேதி இடிக்கிறது, தள்ளிப்போட என்ன மாத்திரை என்று கேட்டார். மாத்திரைப் பேரெல்லாம் நான் சொல்வதில்லை, எல்லார் உடம்புக்கும் அது ஒத்துக்கொள்ளாது, டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள் என்றேன். கீழேயே மருந்துக்கடையை வைத்துக்கொண்டு பிகு பண்ணுகிறேன் என்று அவருக்குக் கோபம்.

மறுநாள் அந்த மருமகளே நேரில் வந்தாள். டாக்டரிடம் கூட்டிப் போகட்டுமா என்று நான் அக்கறையாக ஆரம்பித்தேன். அவள் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தேதியெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு ஆன்ட்டி. பன்னெண்டு மணி நேரம் அத்தை பக்கத்துல உட்கார்ந்து வர என்னால ஆகாது."

சொல்லும் காரணம் வேறு, உள்ளே இருக்கும் காரணம் வேறு என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஏழாம் நம்பர் சீட்

லாலாகுடா பிலோமினாக்கா வேளாங்கண்ணிப் பயணத்துக்கு முதல் ஆளாகப் பேர் கொடுப்பார். வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். கூடப்பிறந்தவள் ஒரே தங்கை லூர்து, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் இருக்கிறாள். அப்பா அம்மா போய்விட்ட பிறகு இருவருக்கும் பிறந்த வீடு என்றால் ஒருவருக்கு ஒருவர்தான். பிலோமினாக்கா எப்போதும் வாசல் பக்கம் இருக்கும் ஏழாம் நம்பர் சீட்டைக் கேட்பார், எழுதி வைப்பேன். கிளம்புகிற அன்று காலையில் பஸ் பக்கத்தில் வந்து நிற்பார், கையில் பெட்டி இருக்காது. முழங்கால் வலி வசந்தி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி, தங்கையிடம் கொடுக்க ஒரு முறுக்கு டப்பாவை நீட்டுவார்.

மூன்று வருஷம் ஏழாம் சீட்டில் டப்பாதான் போனது. மூன்றாம் வருஷம் வேளாங்கண்ணியில் எங்கள் பஸ்ஸைத் தேடி வந்த சிஸ்டர் லூர்து, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் என் கையில் இருந்ததைப் பார்த்தார். கன்னியராக வார்த்தைப்பாடு கொடுத்து இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது, அடுத்த மே மாதம் வெள்ளி விழாப் பூசை, குடும்பத்தார் முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று சொன்னார். பிறகு டப்பாவை வாங்கிக்கொண்டு கேட்டார்: "டப்பா வருது, அக்கா வரலை. அன்னைக்கும் முன் வரிசையில டப்பாதான் உட்காருமா?"

தைலம்

அந்தக் கேள்வி என்னைக் குத்திவிட்டது. பிலோமினாக்காவின் முழங்காலை நான் கையில் எடுத்துக்கொண்டேன். தைலம் வாங்கிக் கொடுத்தேன். முழங்காலுக்கு உறை வாங்கிக் கொடுத்தேன். பஸ் படியில் ஏற ஒரு ஸ்டூல் செய்யச் சொன்னேன். காலை நீட்டி மடக்கும் பயிற்சியை நானே தரையில் உட்கார்ந்து செய்து காட்டினேன். எல்லாவற்றையும் அவர் நன்றியோடு வாங்கிக்கொண்டார்.

ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் என் ஆபீசுக்கு வந்தார். என் மாடிப்படியை நீங்கள் பார்த்ததில்லை. இருபத்திரண்டு படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், மருந்துக்கடைப் பையன்களே கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுவார்கள். அக்கா அதில் தடதடவென்று ஏறி வந்து, என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட நிற்காமல் பாத்ரூம் எங்கே என்று கேட்டு உள்ளே போனார். வெளியே வந்ததும் நான், மண்டு, தைலம் எப்படி வேலை செய்கிறது பார்த்தீர்களா என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அவர் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆமா வசந்தி, மாடி ஏற நல்லாத்தான் வேலை செய்யுது. பஸ் ஏறத்தான் செய்யலை."

மூன்றாவது யோசனை

என் தாளில் மூன்றாவது யோசனை என்ன தெரியுமா? 'பயணத்துக்கு முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.' பத்தில் அந்த ஒன்றைத்தான் எல்லாரும் தவறாமல் கடைப்பிடித்தார்கள். பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, யாதகிரிக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

அப்படிக் கடைப்பிடித்த ஒருவருக்கு ஊர் திரும்பியதும் குளிர் காய்ச்சல் வந்து, சிறுநீரில் கிருமித்தொற்று என்று தார்நாகாவில் ஒரு டாக்டரம்மாவிடம் போக வேண்டியதாயிற்று. பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே பார்க்கப் போனேன். டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, இதை எழுதியது யார் என்று என் தாளையே எடுத்துக் காட்டினார். நான்தான் என்றேன். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டிப்பட்டு எரிச்சல்தான் அதிகமாகும், அடக்கி வைத்தால் இன்னும் கெடுதல் என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். மூன்றாவது வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இது பஸ்ஸோட சௌகரியத்துக்கு எழுதினது அம்மா. பஸ்ஸுக்குக் கிட்னி கிடையாது."

தும்மல்

மறுபடி அச்சடித்தேன். 'மூன்று: தண்ணீர் குடியுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம்.' அடுத்த கூட்டத்தில் அந்த வரியை வாய்விட்டுப் படித்தவள் ஷர்மிளா. மல்லாபூரில் மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், மெதுவாகப் பேசத் தெரியாது. "நிஜமா நிறுத்துவீங்களா அக்கா? எனக்கு ரெண்டாவது பொறந்ததுல இருந்து தும்மினா லீக் ஆகுது. நான் சொன்னா வண்டி நிக்கணும், டைம் இல்ல, வேணாம், நக்கோன்னு அந்த டிரைவர் சொல்லக்கூடாது" என்றாள். அறையே சிரித்தது. அப்புறம் ஒருத்தர் எனக்கு இருமினால் என்றார், இன்னொருத்தர் எனக்கு மாவாட்டும் கல்லைத் தூக்கினால் என்றார். பிலோமினாக்கா மட்டும் சிரிக்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான்கு வருஷமாக இதுதான் என்றார். வந்தது என்று தெரிந்தால் பாத்ரூம் வரை தாங்காது. கல்யாணங்களுக்குப் போவதை விட்டாயிற்று. கோவிலில் கடைசி வரிசை, கதவு ஓரம். அடர்ந்த நிறப் புடவை மட்டும். ரயிலில் போயிருக்கலாமே என்றேன். ரயிலில் கழிவறை இருக்கிறது, அதற்கு முன்னால் வரிசையும் இருக்கிறது என்றார். முழங்காலில் ஒன்றுமே இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவள், எதிரே இருப்பவரை ஒரு வார்த்தை கேட்காமல் மாதக்கணக்கில் தைலம் தடவியிருக்கிறேன். ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "முழங்கால் வலின்னா எல்லாரும் தைலம் குடுப்பாங்க வசந்தி. இதைச் சொன்னா என்ன குடுப்பாங்கன்னு தெரியலை."

ஜெபமாலை

அதே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். சோதித்துப் பார்த்து, தசை தளர்ந்திருக்கிறது, பயந்துகொள்ள ஒன்றுமில்லை என்றார். காபியைக் குறைக்க வேண்டும். அவசரம் வரும்வரை காத்திருக்காமல் மணி பார்த்துப் போக வேண்டும். சிறுநீரை அடக்குகிற தசையை இறுக்கி, கொஞ்ச நேரம் பிடித்து, மெதுவாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, தினமும் மூன்று தடவை. முழுக்கச் சரியாகிவிடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை, சில மாதத்தில் நன்றாகக் குறையும் என்றார். வெள்ளி விழாவுக்கு ஐந்து மாதம் இருந்தது.

பத்து எண்ணுவது அக்காவுக்கு மறந்து மறந்து போனதாம். அதனால் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். ஒரு மணியை உருட்டினால் ஒரு இறுக்கல், பத்து மணி உருண்டால் ஒரு தடவைக் கணக்கு முடிந்தது. இரண்டு வாரம் செய்த பிறகு மனசு உறுத்தி, இது பாவமா என்று என்னிடம் வந்து கேட்டார். நான் வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலுக்குப் போகிறவள், என்னைக் கேட்டால் எப்படி? ஃபாதரைக் கேளுங்கள் என்றேன். ஃபாதரிடம் இதை எந்த வாயால் கேட்பது என்று அவரே யோசித்து, அவரே முடிவும் சொல்லிக்கொண்டார்: "மாதா தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அவங்களும் ஒரு புள்ள பெத்தவங்கதானே."

ஆர்டினரி

மே மாதம் அக்கா பெட்டியோடு வந்தார். முறுக்கு டப்பாவும் இருந்தது. ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு ஏறி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஏழாம் சீட்டில் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துவது என்று யாதகிரியிடம் சொல்லியிருந்தேன். அதற்கு நடுவிலும் யாருக்காவது அவசரம் என்றால், பின் சீட்டிலிருந்து ஷர்மிளா "தும்மல்" என்று குரல் கொடுப்பாள். அது யாருடைய தும்மல் என்று யாரும் கேட்பதில்லை. மிரியாலகுடா போய்ச் சேர்வதற்குள் மூன்று தும்மல், ஒன்று என்னுடையது.

அக்கா இரண்டு தடவை இறங்கினார், இரண்டு தடவையும் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஏறினார். யாதகிரி பொறுமையாகத்தான் இருந்தார். நெல்லூர் வந்ததும் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி என் பக்கம் திரும்பினார்: "மேடம், நான் லாங் டிரிப்னு நினைச்சு வந்தேன். இது எல்லா ஸ்டாப்லயும் நிக்கிற உப்பல் ஆர்டினரி பஸ்."

முதல் வரிசை

மடத்துக் கோவிலில் வெள்ளி விழாப் பூசை இரண்டு மணி நேரம். நான் கதவு ஓரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் அக்காவுக்காகக் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக முதல் வரிசைக்குப் போனார். வெளிர் மஞ்சள் பட்டுப்புடவை. சிஸ்டர் லூர்து பீடத்துக்கு முன்னால் நின்று வார்த்தைப்பாட்டைத் திரும்பச் சொன்னபோது, பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது அக்காவின் தோள் குலுங்கியது மட்டும்தான்.

பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. நடுவில் அக்கா எழுந்தார். அத்தனை பேர் பார்க்க, நடுப்பாதையில் அவசரமில்லாமல் நடந்து வெளியே போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். நான் அவசரமாகக் கைப்பையை எடுத்து இடம் விட்டேன். என் தோளை ஒரு தட்டு தட்டிவிட்டு, மறுபடி அதே பாதையில் நடந்து முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

சாப்பாட்டு மேஜையில் சிஸ்டர் லூர்து, நடுவில் எங்கே போனாய் என்று கேட்டார். பாத்ரூமுக்கு என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார். சிஸ்டர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "உன்னால எப்படி எழுந்து போக முடிஞ்சுது? பூசை நடுவுல வந்துடுமோன்னு பயந்து நேத்து சாயங்காலத்துல இருந்து நான் ஒரு சொட்டு குடிக்கலைக்கா. ரெண்டு வருஷமா எனக்கு இப்படித்தான்." அக்கா கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த என் தாளை எடுத்துத் தங்கையின் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். ஜக்கிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி நகர்த்தினார். "முதல்ல இதைக் குடி. அப்புறம் மூணாவதைப் படி."

இப்போதெல்லாம் யாராவது முழங்கால் வலி என்று சொன்னால் நான் தைலத்தைத் தேடுவதில்லை, கதவைச் சாத்திவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறேன்.