விரிப்பின் மறுமுனை

என் மனைவியின் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து தங்கிய நாளிலிருந்து துண்டு, சட்டை, கைக்குட்டை என்று எதுவும் மடிபடாமல் தப்பியதில்லை. அசந்து தூங்கினால் போர்வையோடு சேர்த்து என்னையும் மடித்துவிடுவார் என்று பயந்தே காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவேன்.

அண்ணி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் வேலை பார்த்தது ஓட்டல் துணிகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் ஒரு லாண்டரியில். ஈர விரிப்பை ஒருவர் சூடான உருளைக்குள் நுழைப்பார். அந்தப் பக்கம் இஸ்திரியாகி வருவதை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, தரையில் படாமல் மடிக்க வேண்டும். எட்டு வருடமாக ஒரு முனை அண்ணி கையில். ஆள் பற்றாத நாட்களில் மறுமுனையை முதலாளியே பிடிப்பார். வேலைக்கு அவர் சளைத்தவர் இல்லை. சம்பளம் கொடுக்கத்தான் கை வராது.

கடைசி ஐந்து மாதம் ஒன்றுமே வரவில்லை. "ஓட்டல்காரங்க இன்னும் தரல, வந்ததும் தர்றேன்" என்று சாக்குச் சொல்லியே ஓட்டினார். ஒருநாள் அண்ணி குரலை உயர்த்திக் கேட்டதும், "நாளையிலேருந்து வராதே" என்றுவிட்டார். வாடகை கட்ட முடியாமல், இருந்த அறையைக் காலி செய்துவிட்டு ஒரே பெட்டியோடு அண்ணி எங்களிடம் வந்தார்.

எங்களுக்கு அது பாரமே இல்லை. அவருக்குத்தான் மனம் ஒப்பவில்லை. என் குறட்டைக்கும் பிள்ளைகளின் சண்டைக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, "உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுக்க ஒரு கதவு வேணும் தம்பி. வேற ஒண்ணும் வேணாம்" என்பார். அந்தச் சம்பளம் கிடைத்தால் ஓர் அறைக்கு முன்பணம் கொடுத்துவிடலாம்.

தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். முதலாளி என்ன பதில் சொன்னார் தெரியுமா? இப்படி ஒரு பெண் தன்னிடம் வேலை பார்த்ததே இல்லையாம்! சம்பளமெல்லாம் கையில் கொடுத்துக் கையில் வாங்கியது. ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. கூட இருந்தவர்களும் பிழைப்புக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

விசாரணையில் அண்ணி முழங்கையில் உருளை சுட்ட தழும்பைக் காட்டினார்.

"அடுப்புலகூடத்தான் சுட்டுக்கலாம்" என்றார் முதலாளி, கொஞ்சமும் கூசாமல்.

விசாரித்த தொழிலாளர் ஆய்வாளர் அம்மா பேனாவை மூடினார். "நான் நேர்லயே வந்து பார்க்கிறேன். நீங்களும் வாங்கம்மா."

ஆய்வாளர் குறித்த நாளில் என் சரக்கு வண்டியில்தான் அண்ணியை ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் முதலாளியை நான் திட்டித் தீர்க்க, அண்ணி தன் மடியிலிருந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார்.

லாண்டரிக்குள் ஒரே ஆவி. உருளையின் முன்னால் ஒரு பெண் விரிப்புகளை நுழைத்துக்கொண்டிருந்தார். பின்னால் முதலாளியும் ஒரு புது ஆளும். ஆய்வாளரைக் கண்டதுதான் தாமதம், புது ஆள் பின்வாசல் வழியாக நழுவிவிட்டார். அவருக்கு என்ன பயமோ!

முதலாளி மெஷினை நிறுத்தாமலே ஆரம்பித்தார். "பாருங்க மேடம், இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் காலே வச்சதில்ல."

அந்த நேரம் பார்த்து உருளையிலிருந்து ஒரு பெரிய கட்டில் விரிப்பு, வெள்ளை வெளேரென்று வழிந்து வந்தது. முதலாளியின் கை தன்னால் ஒரு முனையைப் பிடித்தது. மறுமுனை ஈரத் தரையை நோக்கிச் சரிந்தது.

அண்ணி பாய்ந்தார்! யோசித்துச் செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். முனையைப் பிடித்து ஓர் உதறல். இருவரும் பின்னால் நகர்ந்து விறைப்பாக இழுத்தார்கள். கையோடு கை சேர்த்து மடித்தார்கள். எதிரெதிரே நடந்து வந்தார்கள். அண்ணி முனையைக் கொடுக்க, முதலாளி வாங்க, அண்ணி குனிந்து நடு மடிப்பை எடுக்க... ஒரு வார்த்தை இல்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை.

அத்தோடு விட்டிருந்தால் முதலாளி ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாரோ என்னவோ. கையில் வந்த மடிப்பைப் பார்த்ததும் மனிதருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"கரை உள்பக்கம் போகணும்னு எத்தனை தடவ சொல்லிருக்கேன் உனக்கு! எட்டு வருஷமா இதே..."

வாய் அப்படியே நின்றது. உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"எட்டு வருஷமா?" ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "ம், மேல சொல்லுங்க."

நான் கைதட்டிவிட்டேன். அரசாங்க வேலை நடக்கிற இடத்தில் தட்டக்கூடாதுதான், அடக்க முடியவில்லை. துணி நுழைத்துக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணிக்கோ வேறு கவலை.

"நான் உள்பக்கம்தான் போட்டேன் சார். நீங்கதான் திருப்பிப் பிடிச்சிருக்கீங்க."

உத்தரவு வந்தது. ஐந்து மாதச் சம்பளமும் ஆய்வாளர் மேசையிலேயே அண்ணியின் கைக்கு வந்தது. அதற்குள் உருளைக்குத் துணி போடும் அந்தப் பெண்ணும் மனு கொடுக்க வந்து நின்றார்.

அடுத்த வாரமே அறை கிடைத்துவிட்டது. பெட்டியை இறக்கி வைத்ததும் அண்ணி எங்களை வெளியே தள்ளாத குறையாக அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அக்கா அழுகிறாளோ என்று என் மனைவி பதறிப்போய்த் தட்டினாள்.

"யாரது?" குரலில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.

"நான்தான்க்கா! கதவத் திற."

"திறக்கிறேன், திறக்கிறேன். முதல்ல இன்னொரு தடவ தட்டு."