கத்தாத சிப்பாய்

மகன் தொலைக்காட்சியில் போர்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சிப்பாய் கதவை உதைத்துக் கண் சிவக்கக் கத்தினான். அடுப்படியிலிருந்து வேர்க்கொம்புத் தேநீரின் சுக்கு மணம் வந்தது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டது.

"உந்தப் படத்தை எடுத்தவன் ஒரு சிப்பாயையாவது கிட்ட நிண்டு பாத்தவனோ?"

"படம்தானேயப்பா. பொய்யெண்டாலும் பாக்கிறவைக்குப் பயம் வந்தாச் சரி."

போர்க்காலத்தில், சண்டிலிப்பாயில் எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் அள்ள வந்த சிப்பாய் ஒருநாளும் கத்தியதில்லை. படலையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். தடிமன் என்று மூக்கை உறிஞ்சிய நாளில் அம்மா வேர்க்கொம்பு தட்டிப்போட்டுத் தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கோப்பையையும் கழுவி வைத்தான். பிறகு என் அண்ணனைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் வாங்க, ஒரு கேள்வி மட்டும்" என்றான்.

"வெறும் மேலோடை போகாதை, சேட்டைப் போட்டுக்கொண்டு போடா," என்றார் அம்மா.

"இந்தா வாறன். என்ரை தேத்தண்ணியை மூடி வையுங்கோ," என்று போன அண்ணன் வரவேயில்லை. இராணுவ முகாமில் போய்க் கேட்டோம். அப்படி யாரையும் கூட்டிவரவில்லை என்றார்கள்.

நான் தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

"அண்டைக்கு வந்தவன் உப்பிடிக் கத்தியிருந்தா, என்ரை அண்ணை பின்வேலியாலை பாய்ஞ்சு தப்பியிருப்பார்."