முகம் நீக்கும் வேலை

மெரின் பாஸ்கோ எங்கள் மூளை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை ஹோபார்ட் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவள். இங்கே வேலை வேறு. பல ஊர்களிலிருந்து வரும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களைச் சரிபார்த்து, ஆராய்ச்சியாளர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு சேமிப்புத் தளத்தில் ஏற்ற வேண்டும்.

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆல்பி டிராஸ்க்தான் அவளுக்குப் பழக்கிக் கொடுத்தான். பக்கத்து மேசை என்னுடையது.

“இங்க யாருக்கும் பேர் கிடையாது மெரின். ஸ்கேன் உள்ள வந்ததும் பேரு, பொறந்த நாளு, ஆஸ்பத்திரி எல்லாத்தையும் தளமே உரிச்சுப் போட்டுடும். குறியீடு மட்டும் மிஞ்சும். அப்புறம் முகம்.”

“மூளையைத்தானே படம் எடுக்குறாங்க?”

“மூளை என்ன தட்டுல வெச்சா வருது? தலையோடதான் வரும்.”

அவன் எதையோ தட்டினான். மெல்லிய வெட்டுப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு தலையாக எழுந்தன. சாம்பல் நிறம். மூடிய கண்கள். ஸ்கேனில் முடி விழாது என்பதால் தலையிலும் புருவத்திலும் ஒன்றுமில்லை. கறுப்புத் திரையில் அது மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தது.

“பயமா இருக்கா?”

“பல் டாக்டர்கிட்ட இருந்தவ நான். வாயைப் பொளந்த முகமாவே பார்த்து அலுத்துப்போச்சு. இவங்க மூடிக்கிட்டாவது இருக்காங்களே.”

ஆல்பி சிரித்துவிட்டு இன்னொரு பொத்தானைக் காட்டினான். அதை அமுக்கினால் நெற்றிக்குக் கீழே எல்லாம் மறைந்து பள்ளமாகிவிடும். மூளைக்கு ஒன்றும் ஆகாது. பிறகுதான் கோப்பு ஆராய்ச்சியாளர்களின் பார்வைக்குப் போகும்.

மெரின் சீக்கிரமே தேறிவிட்டாள். அப்போதுதான் அபலோன் சிப்பி எடுக்கக் கடலில் முக்குளிப்பவர்களின் ஸ்கேன்கள் வரத் தொடங்கின. ஆழத்து அழுத்தம் மூளையை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி அது.

ஒரு முற்பகல், வெளியே நல்ல வெயில். மெரின் மேசையிலிருந்து சத்தமே இல்லை. திரும்பினால், திரையில் ஒரு தலை சுற்றிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடது காதின் மேல் ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“எங்க டென்ஸில்,” என்றாள்.

அவள் தம்பி டென்ஸில் முக்குளிப்பவன். மூன்று வருடத்துக்கு முன் தெற்கே கடலில் காணாமல் போனான். படகு கிடைத்தது, காற்றுக்குழாய் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. சவப்பெட்டி இல்லாமலே தேவாலயத்தில் பாடி முடித்தார்கள்.

“காதை நாய் கடிச்சப்போ நான் பக்கத்துல நின்னேன். தேதியைப் பாரு.”

பார்த்தேன். ஸ்கேன் எடுத்தது போன வசந்தத்தில் என்றிருந்தது. 

நான் ஆல்பியைத் தேடிப் போன நேரத்தில் அவள் டென்ஸிலின் மனைவி ரோவீனாவுக்குப் போன் செய்துவிட்டாள். ஆல்பி வந்து திரையைப் பார்த்ததும் முகம் வெளுத்தான்.

“ஐயோ, அது நிஜத் தேதி இல்லம்மா. ஒவ்வொரு ஆளோட தேதியையும் தளம் முன்ன பின்ன தள்ளி வெச்சுடும், சிலருக்கு வருஷக்கணக்குல. தேதியை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு. மொதல்லயே சொல்லியிருக்கணும், விட்டுட்டேன்.”

“அப்ப அவன் உசுரோட இருக்கும்போது எடுத்ததா?”

“இருக்கலாம். அது அவனே இல்லாமயும் இருக்கலாம். எந்தக் குறியீடு யாருதுன்னு ஆராய்ச்சித் தலைவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவர் சொல்ல மாட்டார். சொல்லவும் கூடாது.”

மத்தியானம் ரோவீனா தெற்கே கடலோர ஊரான டோவரிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்து நின்றாள். மீன் பதப்படுத்தும் கூடத்துச் சீருடையைக்கூட மாற்றவில்லை. தேதி விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

“அவன் ஸ்கேனுக்குப் போனானா?” என்று மெரின் கேட்டாள்.

“எங்க போறான்னு என்னிக்குடி எங்கிட்ட சொல்லிட்டுப் போனான்? காட்டு.”

வெளியாளுக்குக் காட்டக் கூடாது. ஆல்பி எங்கள் மூவரையும் பார்த்தான். “டீ போட்டு எடுத்துட்டு வரேன்” என்று எழுந்து போனான். திரை அப்படியே இருந்தது.

ரோவீனா நெடுநேரம் பார்த்தாள். தலை போய்ப் போய்த் திரும்பி வந்தது.

“இது அவன் இல்ல.”

“காதைப் பாருடி!”

“காது கடிபட்டவன் கடல்ல எத்தனையோ பேரு. நான் பதினெட்டு வருஷம் பக்கத்துல படுத்தவ. இது அவன் இல்ல.”

“நீ பார்த்தது தாடியோட. ஸ்கேன்ல தாடி விழாது. தாடிக்கு முன்னாடி இருந்த முகம் எனக்குத்தான் தெரியும்.”

“தேடுறதை நிறுத்தவே எனக்கு இத்தனை காலமாச்சு மெரின். மறுபடி ஆரம்பிச்சு வைக்காத.”

டீயைத் தொடாமல் போய்விட்டாள். ஜன்னல் வழியே பார்த்தேன். கார் கிளம்பவில்லை. கண்ணாடியெல்லாம் மூச்சில் மங்கி, உள்ளே அவள் ஸ்டியரிங்கில் தலை வைத்திருந்தது மட்டும் தெரிந்தது.

தெரிந்தவர் ஸ்கேன் வந்தால் மேலே சொல்ல வேண்டும் என்பது விதி. மெரின் சொன்னாள். வேறு ஆளிடம் கொடுத்துவிடச் சொன்னார்கள், அவள் ஒப்பவில்லை. மறுநாள் காலையில் நான் பார்க்க அவளே பொத்தானை அமுக்கினாள். முதலில் மூக்கு போயிற்று. பிறகு மூடிய கண்கள், வாய். காது மட்டும் கடைசிவரை நின்று, அதுவும் கரைந்தது. பள்ளத்துக்குப் பின்னால் மூளை பத்திரமாக இருந்தது.

“இப்ப யாரா வேணா இருக்கலாம்,” என்றாள்.

முக்குளிப்பவர்களின் மற்றக் கோப்புகள் வந்தபோது வேறு யாரையும் அவள் தொடவிடவில்லை. ஒவ்வொரு தலையையும் ஒரு முழுச் சுற்று சுற்றவிட்டு, காதுகளைப் பார்த்துவிட்டு, “மன்னிச்சுக்கப்பா” என்று முணுமுணுத்து அழிப்பாள். சில சமயம் பதிலுக்குக் காத்திருப்பது போல் கொஞ்சம் நிறுத்துவாள். அந்நேரங்களில் நான் என் திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.