தந்தியில் வந்த 'மதர்'

பார்சல் 'டெலிவர்டு' என்று இன்று கைபேசியில் செய்தி வந்தது. அந்தச் சொல்லை நான் முதலில் பார்த்தது ஒரு தந்தியில். அப்போது சங்கரன்கோவிலில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைத்தாய்ச்சியான அக்காவுக்குத் துணையாக, அம்மாவைப் பெற்ற ஆச்சி மதுரைக்குப் போயிருந்தாள். அங்கிருந்து அத்தான் அடித்த தந்தி அது. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று பயந்த காலம். அதில் எனக்குத் தெரிந்த சொல் 'மதர்' மட்டும்தான்.

"அம்மான்னு போட்டிருக்கு" என்றேன்.

"எங்கம்மா போயிட்டாளே!" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு எஸ்தர், எட்டாம் வகுப்புக்காரி, தந்தியை வாங்கி வாசித்தாள்.

"ஏட்டி, டெலிவர்டுன்னா பிள்ள பெத்தாச்சு. மதர்ங்கிறது ஒங்க அக்கா. ரெண்டு உசுரும் சுகமா இருக்கு."

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள்.

எங்கிருந்தாலும் எஸ்தர் நன்றாக இருக்க வேண்டும். அதன்பின் எங்கள் தெருவுக்கு எந்தத் தந்தி வந்தாலும், அவள் வாசித்துச் சொல்லும்வரை யாரும் அழுததில்லை.