மங்கல் என்று நான் ஒதுக்கியது

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே, ஆறு வருடமாக ஆராய்ச்சிப் பட்டத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நமக்குப் பக்கத்தில் மளமளவென்று நட்சத்திரங்களைப் பெற்றுத்தள்ளும் கேலக்ஸிகள்தான் என் தலைப்பு. நீல ஒளியில் பளிச்சென்று தெரிந்தவற்றைப் பொறுக்கி, இந்த வகையில் தூசி குறைவு என்று முடிவும் எழுதிவிட்டேன்.

ஆய்வேட்டை மதிப்பிட்டவர் திருப்பியனுப்பினார். தூசி நீல ஒளியை மறைத்துவிடும். தூசி இல்லாததாகப் பார்த்துப் பொறுக்கிவிட்டு, தூசி இல்லை என்று சொன்னால் எப்படி என்று கேட்டிருந்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. கிடைத்ததோ ஆறு மாதம், அதுதான் கடைசி அவகாசம். இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்களைத்தான் உருட்டினேன்.

அந்த வாரமே நாத்தனார் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நெற்குப்பைக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு அதிலேயே குடியிருந்தார், என் கணவருக்கு அத்தை முறையாகும் ஒருவர். முன்வாசலில் பெரிய பூட்டு. நல்ல வெயில் வேறு. பட்டியலில் 'ஊரில் இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் அத்தையிடமிருந்து போன். கோபத்தில் மரியாதை கூடியிருந்தது.

"வாசல் வரைக்கும் வந்துட்டு, பத்திரிகை வைக்காமப் போயிட்டீகளாமே?"

"பூட்டியிருந்துச்சே அத்தை."

"முன்வாசலை யாரு திறக்குறா? வீடுதான் பின்தெரு வரைக்கும் போகுதுல்ல? அங்குட்டு நாலு அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. எட்டுப் பொம்பளைக வேர்த்து ஊத்த நின்னோம். உங்க மாமியா சொன்ன சீர் முறுக்குத்தான் சுட்டுக்கிட்டிருந்தோம்!"

இந்தப் பக்கத்திலேயே பிறந்த எனக்கு, இங்கத்துப் பெரிய வீடுகள் முன்தெருவிலிருந்து பின்தெரு வரைக்கும் நீளும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுபடி போய்ப் பின்வாசல் வழியாகப் பத்திரிகை வைத்தேன். அடுப்புச் சூடு முகத்தில் அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். தூசிக்குள் நட்சத்திரங்கள் பிறந்தால் தூசி சூடாகி அகச்சிவப்பில் ஒளிரும். இது வகுப்பில் நானே நடத்துகிற பாடம். அகச்சிவப்புப் பட்டியலை இறக்கி, ஒளி கூடியதிலிருந்து வரிசைப்படுத்தினேன். முதலில் வந்த கேலக்ஸியின் எண்ணை எங்கோ பார்த்த ஞாபகம்.

பழைய நோட்டைப் புரட்டினேன். முதல் வருடத்துப் பக்கம். அந்த எண்ணுக்கு நேரே என் கையெழுத்தில் இருந்தது: மங்கல், வேண்டாம்.