ஒருவழிப்பாதையில் நடந்தவள்

என் தோழிக்கு விடுதியில் நாங்கள் வைத்த பெயர் ரயில். சாப்பாட்டு மணி அடித்தால் யாருக்காகவும் நிற்காமல் போவாள். பெயர் வைத்த எங்களை ஏமாற்றிவிட்டு அவள் பஸ் ஓட்டப் போனாள். இந்தப் பெருநகரத்தில் பதினோரு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறாள். ஊரைச் சுற்றிக் காட்ட இவளைவிடத் தோதான ஆள் யார் என்று நம்பி வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் வந்தது சுற்றிப் பார்க்க மட்டும் இல்லை. இங்கே ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளராக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வருகிறேனா இல்லையா என்று அன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். எனக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருடமாக அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். அண்ணி தங்கமானவர், துணி காயப்போட்டிருந்தால் மழைக்கு முன்னால் எடுத்து மடித்தே வைத்துவிடுவார். அந்தச் சுகத்தை விட்டுவிட்டு வர மனசு இடம் கொடுக்கவில்லை.

ரயில் எனக்காக ஒரு நாள் லீவு போட்டிருந்தாள். அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் வெளியூரில்தான்.

"ஒரே வீட்ல ரெண்டு டிரைவர். சண்டை போடக்கூட எங்களுக்கு டைம் ஒத்து வரமாட்டேங்குது" என்றாள்.

காலை எட்டு மணிக்கு அவள் எனக்குக் காட்டிய முதல் இடம் அவளுடைய பஸ் டிப்போ. வாசலில் இருந்த டைம்கீப்பர், "என்னக்கா, லீவு நாள்லயும் இங்கதானா? வேற போக்கிடம் இல்லையா?" என்று கேட்டார். அவரை முறைத்துவிட்டு என்னை உள்ளே கூட்டிப் போனாள். பெண் ஓட்டுநர்களின் ஓய்வறையில் ஆறு இரும்பு அலமாரிகள், ஒரு பெஞ்சு, கதவுக்குப் பின்னால் ரசம் போன கண்ணாடி. அவள் அலமாரியில் மாற்றுச் சீருடையும் குடையும், இடுப்பு வலிக்காக அவளே தைத்த ஒரு திண்டும் இருந்தன. திண்டை என் கையில் கொடுத்து, "அழுத்திப் பாரேன்" என்றாள். சிம்மாசனத்தைத் தொட அனுமதி கொடுத்தவள் மாதிரி நின்றாள். நானும் மரியாதையாக அழுத்திப் பார்த்தேன்.

அடுத்து மார்க்கெட். அங்கே இருந்து மியூசியத்துக்கு நடந்தே போய்விடலாம் என்றாள். மார்க்கெட் வாசலில் இடது பக்கம் திரும்பினோம். வங்கி, பெட்ரோல் பங்க், மேம்பாலத்தின் அடிவாரம், தீயணைப்பு நிலையம். வழியெல்லாம் ஒவ்வொரு முனையையும் காட்டி, இங்கே வண்டியை ஒடித்துத் திருப்புவது எவ்வளவு சிரமம் என்று விளக்கிக்கொண்டே வந்தாள். இருபது நிமிடம் கழித்து மியூசியம் வந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தேன். நாங்கள் புறப்பட்ட மார்க்கெட் வாசல் நூறு அடி தள்ளி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"ஏய், அது நாம கிளம்பின இடம்தானே?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குடி ஊரையே சுத்தி வந்தோம்?"

"அது ஒன்வே. அந்தப் பக்கத்திலிருந்து நேரா வர முடியாது."

"யாரால வர முடியாது?"

"பஸ்ஸால" என்றாள் மெதுவாக.

"நமக்கு எத்தனை சக்கரம்டி இருக்கு?"

மியூசியத்தின் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். முதலில் உர்ரென்று இருந்தவளும் பிறகு சேர்ந்துகொண்டாள். காவலாளி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இந்த ரூட்டில் எட்டு வருடம் அந்த வாசலுக்கு எதிரே பஸ்ஸை நிறுத்தியவள், அன்றுதான் முதன்முதலாக உள்ளே நுழைந்தாள். இருநூறு வருடத்துக்கு முந்தைய நகர வரைபடம் ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்று விரலால் தன் ரூட்டைத் தேடினாள். "இங்க பாரு, என்னோட நாலாவது ஸ்டாப் ஆத்துக்குள்ள இருக்கு!" என்று கத்தினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. எனக்கும்தான்.

நாலரை மணிக்கு ஆற்றங்கரைப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு வந்திருக்கும் வேலையைப் பற்றிக் காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வான்னு ஒரு தடவை சொன்னா உன் வாய் வலிக்குமா?"

"சொன்னா எனக்காக வருவ. அப்புறம் அண்ணியை நெனச்சு மூக்கைச் சிந்துவ. அந்தப் பழி எனக்கு வேணாம்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பெஞ்சின் மேல் மடக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. எனக்கு அந்தக் குறுக்கு வழி உண்மையிலேயே தெரியாதுடி. பதினோரு வருஷத்துல இந்த ஊர்ல நான் யார்கூடவும் சேர்ந்து நடந்ததே இல்ல. தினமும் ஆயிரம் பேரை ஏத்தி இறக்கறேன். எல்லாரும் என் முதுகுக்குப் பின்னாடிதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் வாரம் தவறாமல் போனில் பேசியும் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. உடனே மருத்துவமனைக்குப் போன் போட்டேன். மேலாளரே எடுத்தார். ஒன்றாம் தேதி வந்து சேர்ந்துவிடுகிறேன் என்றேன். அவர் சம்பளம், தங்குமிடம், டியூட்டி நேரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதோரம் கிசுகிசுத்தாள்.

"எனக்கு வாராந்திர லீவு செவ்வாக்கிழமைடி."

"சார், எனக்கு செவ்வாய்க்கிழமை லீவு கிடைக்குமா?" என்று கேட்டேன்.

எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தானே அடித்துக்கொள்வார்கள் என்று அவர் ஆச்சரியப்பட்டார். எனக்குச் செவ்வாய்தான் வேண்டும் என்றேன்.